கடலோர வீட்டில் காமிக்ஸ் ஃபிகர்கள்: எப்படிப்பட்ட ஷோகேஸ்?

"காற்றே புகாத ஷோகேஸ் புதுச்சேரியில் எங்கே செய்து தருவார்கள்?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கூடவே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் கேள்வி அதுவல்ல என்று தோன்றுகிறது. முத்தியால்பேட்டையில் கடலிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை. சுமார் 40 ஃபிகர்கள், அதாவது காமிக்ஸ் பாத்திரங்களின் பொம்மைகள். பெரும்பாலும் மார்வெல் லெஜெண்ட்ஸ் வரிசை, கொஞ்சம் மெக்ஃபார்லேன் நிறுவனத்தின் டிசி பாத்திரங்கள், பிரான்ஸில் இருந்த மாமா 1980களில் கொண்டுவந்த ஒரு வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபேன்டம்). கண்ணாடிக் கதவை இறுக மூடி வைத்தும் சில ஃபிகர்கள் பிசுபிசுக்கின்றன, ஒன்று முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பூச்சி வரக்கூடாது என்று அம்மா உள்ளே பாச்சை உருண்டை போட்டிருக்கிறார். ஆக, நீங்கள் கேட்பது "மூடித்தானே வைத்தேன், பிறகும் ஏன் கெடுகிறது?" என்பதுதான். மூடி வைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, சேதராப்பட்டு பக்கம் ஒரு மோல்டிங் பட்டறையில் 19 வருடம் வேலை பார்த்தவன். நாங்கள் வார்த்தது மூடிகளும் வாளிகளும்தான், பொம்மைகள் அல்ல. ஆனால் பிவிசி, ஏபிஎஸ், நைலான் போன்ற பிளாஸ்டிக் வகைகள் எனக்குப் பழக்கம். ஃபிகர் சேர்ப்பது அதற்கும் முந்தைய பழக்கம். அதனால் பிளாஸ்டிக் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். சேகரிப்பைப் பற்றிச் சொல்வது என் வீட்டு அலமாரி மூன்றையும், நண்பர்கள் சிலரின் அலமாரிகளையும் வைத்துத்தான்.

முதலில் பிசுபிசுப்பு. ஒரு ஆறு அங்குல ஃபிகரில் தலை, கை விரல்கள், அங்கி, பெரும்பாலும் தொடை, முழங்கால் போன்ற வளையும் பகுதிகள் பிவிசியில் வரும். உறுதி வேண்டிய இடங்களில் ஏபிஎஸ் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் இருக்கும். பிவிசி இயல்பில் கடினமானது. தண்ணீர்க் குழாயும் பிவிசிதான், அதைத் தட்டிப் பாருங்கள். அதை வளைய வைப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள், பிளாஸ்டிசைசர் என்று பெயர். அந்தத் திரவம் பிவிசியோடு வேதியியல் பிணைப்பு கொண்டு ஒட்டுவதில்லை. மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காலம் போகப் போக மெல்ல மேற்பரப்புக்கு வந்து கசியும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக வரும். காற்றோட்டம் இருந்தால் கசிந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். இறுக மூடிய பெட்டிக்குள் போக இடமில்லாமல் அங்கேயே படிந்து நிற்கும். அதன் மேல் தூசி ஒட்டும், நம்மூர் ஈரமும் சேரும். கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, புது ரெயின்கோட் வாசனை போல, அது இதுதான். பாச்சை உருண்டை வாசனை அதற்கு மேலே.

இவ்வளவும் உறுதி. எந்த ஃபிகர் எத்தனை வருடத்தில் பிசுபிசுக்கும் என்பதைத்தான் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று 15 வருடம் காய்ந்த மாதிரியே இருக்கும், இன்னொன்று மூன்றாம் வருடமே ஒட்டும். எந்தத் திரவம், எவ்வளவு சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அது, பெட்டியில் அதை அச்சடிப்பதில்லை. ஐரோப்பாவில் 2005இலும் அமெரிக்காவில் 2008இலும் பொம்மைகளில் தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது. அதனால் உங்கள் வேதாளரில் இருக்கும் கலவையும் சமீபத்திய லெஜெண்ட்ஸில் இருக்கும் கலவையும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது பிசுபிசுக்கும் ஃபிகர்களை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். பெயின்ட் மேல் அழுத்தாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, மூட்டுகளை மடக்கி நீட்டி உள்ளே நிற்கும் நீரை உதறிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் கரையும். கழுவினால் மேலே கசிந்தது போகும், உள்ளே இருப்பது போகாது. சில மாதத்தில் திரும்ப வரலாம். அப்போது மறுபடி கழுவ வேண்டியதுதான். சோள மாவோ டால்கம் பவுடரோ பூசச் சொல்பவர்கள் உண்டு. உலர்ந்த ஊரில் அது சரிப்படலாம். நம் கடற்கரையில் சோள மாவு பூஞ்சணத்துக்குத் தீனி, நான் செய்ய மாட்டேன்.

பாச்சை உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் துணி பீரோவுக்கு அது தலைமுறைப் பழக்கம், பூச்சிகள் வருவதும் நிஜம். ஆனால் அது நாஃப்தலீன், அல்லது அதற்கு நெருங்கிய இன்னொரு ரசாயனம். திடப்பொருளாக இருந்து நேரடியாக ஆவியாகும். அந்த ஆவி மூடிய இடத்தில் சில பிளாஸ்டிக் வகைகளை, முக்கியமாக பாலிஸ்டைரீனை, இளக வைக்கும். ஃபிகரோடு வரும் கண்ணாடி போன்ற சின்னத் தாங்கிகளும் துணைப் பொருட்களும் சிலவற்றில் பாலிஸ்டைரீன்தான். கற்பூரமும் அப்படியே, செல்லுலாய்டைப் பதப்படுத்த அந்தக் காலத்தில் கற்பூரத்தைத்தான் கலந்தார்கள் என்றால் பிளாஸ்டிக்குக்குள் அது எவ்வளவு எளிதாகப் புகும் என்று பாருங்கள். ஃபிகரைப் பூச்சி தின்னாது. பூச்சி தேடி வருவது ஃபிகர் வந்த அட்டைப் பெட்டியை. ராமபாணப் பூச்சியும் கரையானும் அந்த அட்டையைத்தான் அரிக்கும், பல்லி எச்சம் பெயின்ட்டைத்தான் கெடுக்கும். அதனால் அட்டைகளை அலமாரியிலிருந்து பிரித்துவிட்டால் அம்மாவின் கவலையில் பாதி தீர்ந்துவிடும்.

அட்டைகளுக்கு மட்டும் காற்றுப் புகாத பெட்டி சரி. ரப்பர் விளிம்பு வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, சுருங்கிக் கிடக்கும் அட்டைகளுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்து அடுக்குங்கள். ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதையும் உள்ளே வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும், 65ஐத் தாண்டினால் ஜெல்லைக் காயவைத்து மாற்றும் நேரம். நீலமாக இருந்து ரோஸ் நிறமாக மாறும் ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். இதே சிலிக்கா ஜெல்லைத் திறந்து மூடும் ஷோகேஸில் போடுவது வீண். முத்தியால்பேட்டைக் காற்றில் சில நாளிலேயே அது நிரம்பிவிடும்.

சரி, ஷோகேஸுக்கு வருவோம். கடலோரத்தில் இரண்டு தேவைகள் ஒன்றுக்கொன்று இழுக்கின்றன. உப்புக் காற்றும் மணல் தூசியும் உள்ளே வரக்கூடாது என்றால் மூட வேண்டும். பிவிசிக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்றால் திறக்க வேண்டும். நான் பல வருடம் தடுமாறி வந்து சேர்ந்த வழி இது: கதவு வைத்த கண்ணாடி அலமாரி, ஆனால் முதுகுப் பலகையில் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, அந்த இடைவெளியில் ஏசியில் வரும் மெல்லிய ஃபில்டர் வலையை உள்பக்கமாக ஒட்டிவிடுவது. சூடான காற்று மேலே போகும், கீழே புதிதாக வரும், தூசியில் பெரும்பகுதி வலையில் நிற்கும். வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். உப்பு முழுக்க நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் மூட்டில் இரும்பு ஆணி வைத்த பழைய ஃபிகர்களில் துருக் கறை வரத்தான் செய்யும், அவற்றை நடு அறைக்கு மாற்றிவிடுவது நல்லது.

இதற்குக் கடையில் விற்கும் ரெடிமேட் அலமாரி வேண்டாம். பார்ட்டிக்கிள் போர்டு மூன்று மழைக்காலத்தில் ஊதிவிடும், இரும்பு துருப்பிடிக்கும். உங்கள் தெருவிலேயே ஜன்னல் செய்யும் அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடை இருக்கும், அவர்களிடம் கொடுங்கள். அகலம் 3 அடி, ஆழம் 1 அடி, தட்டுக்குத் தட்டு 9 அங்குலம், 5 மில்லிமீட்டர் கண்ணாடி. மெக்ஃபார்லேன் ஏழு அங்குலம் என்பதால் அதற்கு ஒரு தட்டை 11 அங்குலமாகச் சொல்லுங்கள். தட்டுகளைக் கண்ணாடியிலேயே போட்டால் மேல் விளக்கின் வெளிச்சம் கீழே வரை இறங்கும். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர் ஈரம் குடிக்கும். உள்சுவரில், இரண்டு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், மீதி உள்ளே வந்து சிவப்பை வெளுக்கச் செய்து வெள்ளையை மஞ்சளாக்கும். கிழக்கு ஜன்னல் இருக்கும் கடலோர வீட்டில் காலை வெயில் எவ்வளவு நேராக வரும் என்று உங்களுக்கே தெரியும். மஞ்சளானதை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வைத்து வெளுக்கும் முறை ஒன்று பிரபலம். முதலில் பளிச்சென்று ஆகும். மறுபடி மஞ்சளானதையும் பார்த்திருக்கிறேன். அதனால் அதைத் தீர்வாக எண்ண வேண்டாம்.

விளக்குக்கு எல்இடி பட்டை போதும். அதன் அடாப்டரை அலமாரிக்கு வெளியே வையுங்கள், அதுவும் சூடாகும்.

சாய்ந்துவிட்ட அந்த ஃபிகர் உடையவில்லை. மென்மையான பிவிசி கணுக்கால் மேல் முழு எடையும் இறங்கி, மாடியறையின் சித்திரை வெயில் சூட்டில் மெல்ல வளைந்திருக்கிறது. கொதித்து இறக்கி ஐந்து நிமிடம் ஆன தண்ணீரில் அந்தக் காலை மட்டும் ஒரு நிமிடம் முக்கி, நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அசையாத மூட்டையும் இதே மாதிரி சூடாக்கித்தான் அசைக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் முறுக்கினால் உள்ளே ஆணி முறியும், அதற்கு மருந்தில்லை. இறுகிய மூட்டுக்குத் தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடாதீர்கள், சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கோடைக்காலம் முழுக்க ஓடுவது, பாய்வது மாதிரி நிலைகளைத் தவிர்த்து, இடுப்பு பாதத்துக்கு நேர் மேலே வருமாறு நிறுத்தி வையுங்கள். பாய வைக்க வேண்டும் என்றால் இடுப்பைப் பிடிக்கும் தாங்கி வாங்குங்கள். மறக்காமல் செய்ய வேண்டிய இன்னொன்று: மென்மையான ஒரு ஃபிகரின் அங்கி அடுத்த ஃபிகரின் கெட்டியான உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கக்கூடாது. கசியும் திரவம் அதில் ஏறி, தொட்ட இடம் இளகி, அச்சு விழும்.

அடுக்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அனுப்பிய படத்தைப் பார்த்ததால் சொல்கிறேன். 40 பேரும் ஒரே நேரத்தில் கல்யாண மண்டபப் புகைப்படம் மாதிரி முகம் காட்டி நிற்கிறார்கள். இவர்கள் காமிக்ஸிலிருந்து வந்தவர்கள், அங்கே யாரும் வாசகரைப் பார்த்து வரிசையில் நிற்பதில்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை எடுத்து, அதில் ஒரு கட்டத்தை மட்டும் தட்டில் நிகழ்த்திப் பாருங்கள். தாக்குபவன் ஒரு ஓரம், தடுப்பவன் நடுவில், பார்த்துக்கொண்டிருப்பவன் உயரத்தில். தலைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். பின்வரிசைக்கு இரண்டு அங்குல உயரத்தில் ஒரு படி வையுங்கள். ஒரு தட்டுக்கு ஆறு, ஏழுக்கு மேல் வேண்டாம். மீதியை இறுக மூடாத பெட்டியில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்படி மாற்றும்போதுதான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்ப்பீர்கள், துருவோ பிசுபிசுப்போ ஆரம்பத்திலேயே கண்ணில் படும். எனக்குச் சேகரிப்பின் இன்பமே அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான்.

உங்கள் வேதாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தில் தெரிவதை வைத்து, அது 1980களின் நடுவில் அமெரிக்காவின் காலூப் நிறுவனம் 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' தொடருக்காக வெளியிட்ட வரிசையைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். அதே வரிசையில் மாண்ட்ரேக்கும் ஃபிளாஷ் கார்டனும் உண்டு. முதுகிலோ காலிலோ பொறித்திருக்கும் காப்புரிமை எழுத்தை ஒரு லென்ஸில் படித்தால் உறுதியாகிவிடும். அதைக் கையில் பார்க்காமல் விலை சொல்வது சரியாக இருக்காது. ஆனால் லீ ஃபால்க் 1936இல் படைத்த அந்த முகமூடிக்காரனைத் தமிழில் வேதாளராகப் படித்து வளர்ந்த ஒரு வீட்டில், பாரிஸிலிருந்து மாமா பெட்டியில் வந்து சேர்ந்த பொம்மை அது. புதுச்சேரியில் மட்டும்தான் ஒரு ஃபிகருக்கு இப்படி ஒரு வழித்தடம் வாய்க்கும். வெந்நீரில் முக்காதீர்கள், மூட்டை அசைக்காதீர்கள். ஈரத்துணியால் மட்டும் துடைத்து, மற்ற பிவிசி எதுவும் தொடாமல் தனித் தட்டில் வையுங்கள். மாமா எந்த வருடம் கொண்டுவந்தார், எந்தக் கடையில் வாங்கினார் என்பதை இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.

இனி வாங்குவது பற்றி ஒரு எச்சரிக்கை. ஹாட் டாய்ஸ் நிறுவனத்தின் 12 அங்குல ஃபிகர் வகையில் தோல் மாதிரி உடை போட்டு வருபவற்றில் ஆசை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தோலில் பெரும்பாலானது துணி மேல் பூசிய பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரமே அதன் கட்டமைப்பை உடைக்கும். முதலில் பிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். பாலியூரித்தேனில் செய்த பழைய செருப்பின் அடிப்பாகமும் செயற்கைத் தோல் சோஃபாவும் நம் ஊரில் உதிர்வது இதே காரணத்தால். உதிர ஆரம்பித்தால் திருப்ப வழியில்லை. ஏசி நாள் முழுக்க ஓடாத கடலோர வீட்டில் அவ்வளவு பணம் போட்டு அதை வாங்காதீர்கள். முழுக்க பிளாஸ்டிக் கவசம் அணிந்த பாத்திரங்களைத் தேர்ந்தெடுங்கள், உள்ளே விளக்கு எரியும் வகை என்றால் பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டு வையுங்கள்.

விலை ஏன் இப்படி ஏறியது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவிப்பதற்கு முன் அன்றைய விகிதத்தைக் கணக்குப் போட்டுவிடுங்கள். அசலின் விலை ஏறிய இந்த இடைவெளியில்தான் போலிகள் பெருகின. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் குறைந்த விலையில் கிடைத்தால் பாதத்தின் அடியையும் முதுகையும் பாருங்கள். அசலில் நிறுவனப் பெயரும் காப்புரிமை வருடமும் தெளிவாகப் பொறித்திருக்கும். எழுத்து அழிந்த மாதிரி மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, கண்ணின் பெயின்ட் வழிந்து, மூட்டும் தளர்ந்திருந்தால் போலி. குழந்தைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, புயல். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்கள் ஊரை ஒட்டிக் கரை கடந்தபோது என் ஃபிகர்கள் கீழ்த்தட்டில் இருந்தன. ஜன்னல் பெயர்ந்து, மழை நேராக உள்ளே வந்தது. அதன் பிறகு பல நாள் மின்சாரம் இல்லை, விசிறி இல்லை, காயவைக்க வழியில்லை. நனைந்த அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சணம் பூத்தன. ஃபிகர்களைக் கழுவி மீட்டேன், 11 அட்டைகளைத் தூக்கிப் போட்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரை கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்போது நான் செய்வது இதுதான்: வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்ட அன்றே தட்டுகளைக் காலி செய்கிறேன். ஒவ்வொரு ஃபிகரையும் செய்தித்தாளில் சுற்றாமல் (மை ஒட்டும்) பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூடி போட்ட பெட்டியில் வைத்து, ஜன்னல் இல்லாத அறையின் பரணில் ஏற்றிவிடுவேன். 40 ஃபிகருக்கு ஒரு மணி நேரம் ஆகும். காற்று அடங்கிய மறுநாளே பெட்டியைத் திறந்துவிட வேண்டும், உள்ளேயே ஒரு வாரம் விட்டுவிடக்கூடாது. அந்தத் துணிகளையும் பெட்டியையும் புரட்டாசிக்குள் எடுத்து வையுங்கள்.